செத்த சிப்பாயோட பாடிய ஊருக்கு அனுப்ப மாட்டோம்னு சொன்னதுல ஆரம்பிச்ச டூர்

லண்டன்ல விடியக்காலைல கோச் ஏறுனா மத்தியானச் சாப்பாடு பெல்ஜியத்துல. நாலு நாள், மூணு நைட்டு, நாப்பது சொச்சம் பேரு, முன்னாடி மைக்க புடிச்சிட்டு ஒரு ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர். நான் போனப்ப பக்கத்து சீட்டுல ஒரு வயசான அம்மா, பிளாஸ்டிக் கவர்ல போட்ட பழுப்பு போட்டோ ஒண்ண மடியிலயே வச்சிட்டு வந்தாங்க. அவங்க அப்பாவோட அண்ணனாம். அவங்க பொறக்கறதுக்கு எத்தனையோ வருசம் முன்னாடி செத்துப்போனவரு, ஒரு தடவ நேர்ல போயி பாத்துட்டு வந்துரணும்னு அவங்களோட அம்மா சொல்லிட்டே இருந்தாங்களாம், அவங்களும் செத்துப் போயாச்சு, அதனால இவங்க வந்துருக்காங்க.

முதல் உலகப்போர் போர்க்களச் சுற்றுலான்னு பேரு வச்சாலும் போர்க்களம்னு பாக்க பெருசா ஒண்ணும் இல்லங்க. உருளைக்கிழங்கு வயல், பீட்ரூட் வயல், மாடு மேயுது, தூரத்துல காத்தாடி சுத்துது, அவ்ளோதான். நாலு நாளும் பாக்கறது முக்காவாசி கல்லறைத் தோட்டம்தான். ஏன் இவ்ளோ கல்லறை இங்கயே இருக்குன்னு கேட்டா, இங்க சண்ட நடந்துச்சு, இங்க செத்தாங்க, அதனால இங்க இருக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அது பாதிதான் சரி. சாவு எங்க வேணா நடக்கலாம், பொதைக்கறது எங்கன்னு யாரோ ஒருத்தர் முடிவு பண்ணணும்ல. இந்த டூர் பிசினஸ் மொத்தமும் அந்த முடிவுல இருந்துதான் கிளம்புது.

முதல் உலகப்போர் ஆரம்பிச்ச புதுசுல வசதியான பிரிட்டிஷ் குடும்பங்க சில பேரு காசு செலவு பண்ணி பிரான்ஸ்ல இருந்து பாடிய தோண்டி எடுத்து ஊருக்கு கொண்டு வந்தாங்க. 1915 ஏப்ரல்ல முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனோட பேரன் செத்தப்ப அவர் உடம்பும் அப்படித்தான் வந்துச்சு. பெரிய வீட்டுப் பையன் வீட்டுக்கு வருவான், சுரங்கத்துல வேல பாத்தவன் மகன் சேத்துலயே கெடப்பான்னு ஆச்சு. அந்த வருசமே இனிமே யாரையும் தோண்டி எடுத்துட்டு போகக்கூடாதுன்னு தடை வந்துருச்சு. சுகாதாரம் ஒரு காரணம், எண்ணிக்கை ஒரு காரணம் (லட்சக்கணக்குல எப்படி அனுப்புவ), ஆனா உள்ளுக்குள்ள இருந்த பெரிய காரணம் இந்த பணக்காரன் ஏழை விசயம்தான்.

இதுக்கு பின்னாடி இருந்த ஆளு ஃபேபியன் வேர். சிப்பாயா சேர வயசு தாண்டிப்போச்சு, 45, அதனால செஞ்சிலுவைச் சங்கத்தோட ஆம்புலன்ஸ் வண்டிங்களுக்கு பொறுப்பா பிரான்ஸ் போனாரு. போன எடத்துல எவன எங்க பொதைச்சாங்கன்னு ஒரு கணக்கும் இல்ல, மரக்கட்டைல பேர கிறுக்கி நட்டுட்டு போயிட்டே இருக்காங்கன்னு பாத்துட்டு நோட்டு போட்டு எழுத ஆரம்பிச்சாரு. அந்த நோட்டுதான் வளந்து 1917 மே 21ல இம்பீரியல் வார் கிரேவ்ஸ் கமிஷன் ஆச்சு, 1960ல இம்பீரியல எடுத்துட்டு காமன்வெல்த்னு மாத்திட்டாங்க. இன்னிக்கு 150 நாடு கிட்ட, 17 லட்சம் பேரோட கல்லறையோ பேரோ இவங்க பொறுப்புல இருக்கு.

கமிஷனோட சட்டம் கறாரானது. ஜெனரலா இருந்தாலும் சமையல்காரனா இருந்தாலும் ஒரே சைஸ் கல்லு, 81 சென்டிமீட்டர் உயரம், 38 சென்டிமீட்டர் அகலம். மேல ரெஜிமெண்ட் சின்னம், பேரு, தேதி, கீழ குடும்பம் விரும்புனா ஒரு வரி, அதுவும் 66 எழுத்துக்குள்ள, ஸ்பேஸையும் சேத்து. அதுக்கும் எழுத்துக்கு மூணர பென்னின்னு காசு கேட்டாங்க, பெத்தவங்ககிட்ட எழுத்துக்கு காசா, எனக்கு படிக்கும்போதே கடுப்பாச்சு, பின்னாடி விருப்பப்பட்டா குடுங்கன்னு தளர்த்திட்டாங்க. சிலுவை வடிவத்துல கல்லு கிடையாது, ஏன்னா செத்தவங்கள்ல யூதன், முஸ்லிம், இந்து, சீக்கியன், சாமி இல்லன்னவன் எல்லாம் இருக்கான். குடும்பங்களுக்கு இது புடிக்கல. மூணு பசங்கள பறிகுடுத்த லேடி ஃபுளோரன்ஸ் செசில், எங்களுக்கு சிலுவையாவது குடுங்கன்னு 8,000 கையெழுத்தோட மனு போட்டாங்க. 1920 மே 4 அன்னிக்கு பார்லிமெண்ட்ல பெரிய விவாதம் நடந்து கமிஷன் பக்கம்தான் ஜெயிச்சுது.

நம்ம பக்கத்துல வெளியூர்ல செத்தா கடன வாங்கியாவது பாடிய ஊருக்கு கொண்டு வந்துருவோம், துபாய்ல இருந்து பெட்டி வர்றத ஏர்போர்ட்ல நின்னு பாத்தவங்களுக்கு தெரியும். முகம் பாக்காம எப்படி அனுப்பி வைக்கறதுன்னு ஒரு பேச்சு உண்டுல்ல. அத அப்படியே பல லட்சம் வீட்டுக்கு ஒரே நேரத்துல இல்லன்னு சொன்னா என்ன ஆகும்னு யோசிங்க. பாடி வராதுன்னா நாம போய்த்தான் பாக்கணும். அங்கதான் டூர் ஆரம்பிக்குது.

போர் நடக்கும்போதே கேட்டவங்க உண்டு. 1915லேயே தாமஸ் குக் கம்பெனி, இப்போதைக்கு அந்த மாதிரி டூர் கிடையாதுன்னு அறிவிக்க வேண்டியதாச்சுன்னா எத்தன பேரு கேட்டுருப்பாங்க பாருங்க. டயர் கம்பெனி மிஷலின், போர் முடியறதுக்கு முன்னாடி 1917லேயே போர்க்கள கைடு புக்கு போட ஆரம்பிச்சிட்டாங்க, கார்ல போனா டயர் தேயும்ல! 1920கள்ல ரெண்டு வகையா கூட்டம் போச்சு. வேடிக்க பாக்கப் போனவங்க ஒரு வகை, மகன் கல்லறைய பாக்கப் போன அம்மாங்க இன்னொரு வகை. அம்மாக்கள்ல பாதி பேருகிட்ட கப்பல் டிக்கெட்டுக்கே காசு இல்ல, அவங்களுக்காக செயின்ட் பர்னபாஸ்னு ஒரு தர்ம அமைப்பு குறைஞ்ச செலவுல கூட்டம் கூட்டமா கூட்டிட்டு போச்சு. 1928ல முன்னாள் சிப்பாய்ங்க சங்கமான பிரிட்டிஷ் லீஜன் நடத்துன யாத்திரைல சுமார் 11,000 பேரு ஒரே சமயத்துல போனாங்க. டூருன்னு சொன்னா கோவப்படுவாங்க, அப்ப எல்லாரும் யாத்திரைன்னுதான் சொன்னாங்க. காசிக்கு போற மாதிரிதான்.

சரி, இப்ப கோச்சுக்கு வருவோம். பெல்ஜியத்துல முக்கியமான ஊரு ஈப்ர. உள்ளூர்க்காரங்க ஈபர்னு சொல்லுவாங்க, நாக்கு வளையாத இங்கிலீஷ் சிப்பாய்ங்க வைப்பர்ஸ்னு கூப்பிட்டாங்க. ஊருக்குள்ள நுழைஞ்சதும் ஆயிரம் வருசத்துக் கட்டடம் மாதிரி தெரியும், ஒண்ணு கூட பழசு இல்ல. போர்ல மொத்தமும் தரைமட்டம். இடிஞ்சத இடிஞ்சபடியே நினைவுச்சின்னமா விட்ருங்கன்னு சர்ச்சில் ஆசப்பட்டாரு, ஊர்க்காரங்க நாங்க எங்க போய் குடியிருக்கறதுன்னு திரும்பி வந்து பழைய மாதிரியே கட்டிக்கிட்டாங்க. நடுவுல இருக்கற பெரிய துணிச்சந்தைக் கட்டடத்த கட்டி முடிக்க 1967 ஆச்சு.

ஊரு எல்லைல மெனின் கேட்னு ஒரு பெரிய நினைவு வாசல். 1927 ஜூலை 24ல தொறந்தது. உள்ள சுவரு, படிக்கட்டு, மேல மாடம் எல்லாம் பேரு, 54,000க்கு மேல. இது கல்லறை இல்ல, கல்லறையே கெடைக்காதவங்களோட பேருப் பட்டியல். சேத்துல முங்கிப்போனவன், குண்டுல சிதறிப்போனவன், பொதைச்ச எடமே மறுபடி குண்டு விழுந்து காணாமப் போனவன். இவ்ளோ பெரிய வாசல் கட்டியும் எடம் பத்தல, அதனால 1917 ஆகஸ்ட் நடுவுல ஒரு தேதிய வச்சு வெட்டி, அதுக்கப்புறம் காணாமப் போன சுமார் 35,000 பிரிட்டன்காரங்க பேர டைன் காட்ங்கற கல்லறைத் தோட்டத்தோட பின் சுவர்ல போட்டாங்க. 1928ல இருந்து தினமும் ராத்திரி எட்டு மணிக்கு ரோட்ட மறிச்சு, ஊரு தீயணைப்புப் படையோட சம்பந்தப்பட்ட தன்னார்வலர்கள் பியூகிள்ல செத்த சிப்பாய்ங்களுக்கான லாஸ்ட் போஸ்ட் இசைய ஊதறாங்க. ரெண்டாவது போர்ல ஜெர்மன்காரன் ஊர புடிச்சிருந்த நாலு வருசம் மட்டும் அங்க ஊதல, அப்பவும் இங்கிலாந்துல வேற கல்லறைல ஊதி வழக்கத்த விடாம வச்சிருந்தாங்க. நான் போன அன்னிக்கு ஸ்கூல் பசங்க நூறு பேராவது இருந்துருப்பாங்க, எட்டு மணிக்கு ஒரு நிமிசம் முன்னாடி வரைக்கும் சாக்லேட்டுக்கு சண்ட போட்டுட்டு இருந்ததுங்க, ஊத ஆரம்பிச்சதும் சத்தமே இல்ல.

ரெண்டாவது நாள் கைடு ஒரு விசயம் சொல்லிக்குடுத்தாரு, அதுக்கப்புறம் எந்தக் கல்லறைக்குள்ள போனாலும் கண்ணு அங்கதான் போச்சு. பேரு இல்லாத கல்லு எத்தனன்னு பாருங்கன்னாரு. டைன் காட்ல கிட்டத்தட்ட 12,000 கல்லறை, அதுல 8,300க்கு மேல பேரே கிடையாது, ஒரு சிப்பாய், கடவுளுக்குத் தெரிந்தவன்னு மட்டும் இருக்கும். அந்த வாசகத்த எழுதிக் குடுத்தது எழுத்தாளர் கிப்ளிங், அவரு மகனும் 1915ல பிரான்ஸ்ல லூஸ்ங்கற ஊருகிட்ட நடந்த சண்டைல காணாமப் போனவன்தான். ஆனா கொஞ்ச தூரம் தள்ளி லைசன்ட்ஹுக்ல 10,000க்கு மேல கல்லறை இருந்தும் பேரு இல்லாதது ரொம்பக் கம்மி. ஏன்னா அது ஆஸ்பத்திரி இருந்த எடம், உயிரோட வந்து பேரச் சொல்லிட்டு செத்தவங்க. டைன் காட், போர் முடிஞ்சப்புறம் சுத்துவட்டார வயல்ல இருந்தெல்லாம் எலும்பத் தேடி எடுத்துட்டு வந்து சேத்த எடம். கல்லுங்க வரிசை இல்லாம கோணல் மாணலா இருந்துச்சுன்னா அது சண்ட நடக்கும்போதே அவசரமா பொதைச்சது, ரெண்டு மூணு கல்லு தோளோட தோளு ஒட்டி நின்னா ஒரே குழில போட்டவங்க, பிரிச்சுப் பாக்க முடியல. டூர் போறவங்க இது தெரியாம எல்லாம் ஒரே மாதிரி இருக்கேன்னு அரை மணி நேரத்துல போரடிச்சு பஸ்ஸுக்கு திரும்பிடறாங்க, பாவம்.

ஜெர்மன் கல்லறைக்கு போனா மூடே மாறிடும். பிரிட்டிஷ் எடத்துல வெள்ளக் கல்லு, ரோஜாச் செடி, வெட்டுன புல்லு, இங்கிலீஷ் வீட்டுத் தோட்டம் மாதிரி இருக்கும், அத வேணும்னேதான் அப்படி பண்ணிருக்காங்க. லாங்கமார்க்ங்கற ஜெர்மன் எடத்துல ஓக் மரத்து நிழல், தரையோட தரையா படுக்க வச்ச கறுத்த கல்லு, ஒரு கல்லுல பல பேரு. மொத்தம் 44,000 பேருக்கு மேல, அதுல சுமார் 25,000 பேரு வாசலுக்கு எதிர்ல இருக்கற ஒரே குழில. தோத்த நாட்டுக்கு அடுத்தவன் மண்ணுல எவ்ளோ எடம் கெடைக்கும்? 1950கள்ல பெல்ஜியத்துல செதறிக் கெடந்த ஜெர்மன் கல்லறைகள தோண்டி நாலு பெரிய எடத்துல சேத்துட்டாங்க. அதுல ஒண்ணான விலாட்ஸ்லோவுல கேத்தே கோல்விட்ஸ்ங்கற சிற்பி செஞ்ச அப்பா அம்மா சிலை ரெண்டு முட்டி போட்டு உக்காந்துருக்கும். அவங்க மகன் பீட்டர் 1914 அக்டோபர்ல செத்தான், போர்முனைக்கு வந்து சில நாள்லயே. அந்தச் சிலைய முடிக்க அவங்களுக்கு பல வருசம் ஆச்சு. மகன் பேரு பொறிச்ச கல்லு சிலைக்கு நேர் முன்னாடி. என்னக் கேட்டா நாலு நாள்ல ஒரே ஒரு எடம் பாக்க நேரம் இருந்தா இத பாருங்கம்பேன், ஆனா நிறைய கோச் இங்க வர்றதில்ல, ரூட்டுல இருந்து தள்ளி இருக்கு.

பிரெஞ்சுக்காரங்களும் அமெரிக்காக்காரங்களும் வேற மாதிரி முடிவு பண்ணாங்க. பிரான்ஸ் 1920ல சட்டம் போட்டு கேட்ட குடும்பத்துக்கு அரசாங்கச் செலவுலயே திருப்பி அனுப்புச்சு, சுமார் 2,40,000 பேரு ஊரு வந்து சேந்தாங்க. அமெரிக்கா குடும்பத்துகிட்டயே கேட்டுச்சு, கொண்டு வரணுமா அங்கயே இருக்கட்டுமான்னு. சுமார் 46,000 பேரு திரும்புனாங்க, 30,000 பேரு ஐரோப்பாவுலயே. பிரான்ஸ்ல நார்மண்டி கடலோர மேட்டுல நிக்கற 9,000 சொச்சம் வெள்ளப் பளிங்குச் சிலுவை ரெண்டாவது போரோடது, அதுவும் இதே மாதிரி மிச்சம் இருந்தவங்கதான். அங்க போனா ஒரு கம்பீரம் இருக்கும், எல்லாம் நேர்கோடு, எனக்கென்னமோ அது கல்லறைய விட அரசாங்க ஆபீஸ் மாதிரி பட்டுச்சு. பிரான்ஸ்ல வெர்டன் போர்க்களத்துல டூமோன் எலும்பு மண்டபம்னு ஒண்ணு, சுமார் 1,30,000 பேரோட எலும்பு, பிரெஞ்சு எது ஜெர்மன் எதுன்னு பிரிக்க முடியாம கலந்து போட்டு வச்சிருக்காங்க, கீழ சின்ன ஜன்னல் வழியா எட்டிப் பாக்கலாம். நான் ஒரு ஜன்னலோட நிறுத்திக்கிட்டேன்.

மூணாவது நாள் சோம், பிரான்ஸ்ல இருக்கற போர்க்களம். 1916 ஜூலை 1, ஒரே நாள்ல பிரிட்டிஷ் பக்கம் 57,470 பேரு அடிபட்டோ செத்தோ காணாமலோ போனாங்க, அதுல 19,240 பேரு சாவு. ஒரே ஊருல, ஒரே மில்லுல வேல பாத்தவங்க ஒண்ணா சேந்தா ஒண்ணாவே வச்சுக்கறோம்னு சொல்லி ஆள் சேத்தாங்க, பால்ஸ் பட்டாலியன்னு பேரு, கூட்டாளிகள் படை. இங்கிலாந்துல அக்ரிங்டன்கற சின்ன ஊரு பட்டாலியன்ல சுமார் 700 பேரு எதிரிய நோக்கி எழுந்து போனாங்க, அர மணி நேரம் கிட்ட 580 பேருக்கு மேல விழுந்துட்டாங்க. ஒரே தெருவுல வீட்டுக்கு வீடு சாவுச் சேதி. இன்னிக்கும் சில கோச்சுல மொத்த பேரும் ஒரே ஊர்க்காரங்களா வர்றதுக்கு இதுதான் காரணம், ஊரே சேந்து செத்துச்சு, ஊரே சேந்து வருது. வயல் ஓரத்துல விவசாயி உழும்போது கெளம்புன பழைய குண்டுங்கள அடுக்கி வச்சிருப்பாங்க, இரும்பு அறுவடைன்னு சொல்றாங்க, தயவுசெஞ்சு தொடாதீங்க. 2014ல கூட ஈப்ரல கட்டட வேல பாத்த ரெண்டு பேரு அந்த மாதிரி குண்டு வெடிச்சு செத்தாங்க, நூறு வருசம் கழிச்சு.

சோம்ல தியப்வால் நினைவு வாசல், 72,000க்கு மேல மிஸ்ஸிங் பேரு. செங்கல் வளைவுக்கு மேல வளைவு. எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு தோணுச்சு, தோணணும், கட்டுனது லுட்யன்ஸ், நம்ம டெல்லி இந்தியா கேட்டும் அவரோடதுதான், அதுவும் இதே போர்ல செத்தவங்களுக்காக கட்டுனதுதான், நாமதான் அங்க ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு வந்துட்டோம். டைன் காட்ட டிசைன் பண்ண பேக்கர்தான் டெல்லி நார்த் பிளாக், சவுத் பிளாக்குக்கும் ஆர்க்கிடெக்ட். அவரு பிரான்ஸ்ல இன்னொண்ணும் கட்டிருக்காரு, நவ் ஷாப்பெல்ல.

அந்த பேரு என் டூர் நோட்டீஸ்ல இல்ல. 1914 செப்டம்பர் கடைசில இந்தியப் படையோட லாகூர் டிவிஷனும், பின்னாடியே மீரட் டிவிஷனும் பிரான்ஸோட துறைமுகம் மார்சேய்ல கப்பல் விட்டு எறங்குனாங்க, வெயில் ஊரு துணியோட. அடுத்த மாசமே ஈப்ர பக்கம் சண்டைல போட்டுட்டாங்க. அக்டோபர் 31ல ஹோலபேக்கங்கற ஊருகிட்ட குதாதாத் கான், மெஷின் கன்கிட்ட கூட இருந்தவங்க எல்லாரும் செத்தும் சுட்டுக்கிட்டே இருந்தாரு, பிரிட்டனோட உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்குன முதல் இந்தியர் அவர்தான். 1915 மார்ச்ல நவ் ஷாப்பெல் தாக்குதல்ல பாதிப் படை இந்தியப்படை. அங்க 1927ல தொறந்த நினைவிடத்துல கல்லறை தெரியாத 4,700க்கு மேல இந்தியர்கள் பேரு இருக்கு. சாஞ்சி ஸ்தூபி மாதிரி கல் வேலி, தாமரைத் தலையோட 15 மீட்டர் தூண், ரெண்டு பக்கமும் புலி, தூண் அடில அரபி, இந்தி, குர்முகி, இங்கிலீஷ்னு நாலுலயும் கடவுள் ஒருவரேங்கற மாதிரி வாசகம்.

எல்லாரும் சமம், ஒரே கல்லுன்னு சொன்ன கமிஷன் ஐரோப்பாவுல பெரும்பாலும் சொன்னபடி செஞ்சுது. ஆனா டூரிஸ்ட் போகாத எடத்துல? ஈராக் பஸ்ரால 1929ல தொறந்த நினைவிடத்துல ஆபீசர்ங்க பேரப் போட்டுட்டு, சாதாரண இந்தியச் சிப்பாய்ங்கள ரெஜிமெண்ட் பேருக்கு பக்கத்துல வெறும் எண்ணிக்கையா போட்டாங்க. கிழக்கு ஆப்பிரிக்காவுல சுமை தூக்குனவங்களுக்கு பல எடத்துல அதுவும் இல்ல. 2021ல கமிஷனே ஒரு கமிட்டி போட்டு விசாரிச்சு, பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கா, எகிப்து ஆளுங்க குறைஞ்சது 1,16,000 பேரு, 3,50,000 வரைக்கும் கூட இருக்கலாம், பேரே பதியாம விட்டுட்டோம்னு ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேட்டுச்சு. இதுலயும் ஒரு கோடு இருக்கு, மிலிட்டரி கணக்குல இருந்தாத்தான் கல்லு. தாய்லாந்து காஞ்சனபுரில இதே கமிஷன் பாத்துக்கற தோட்டத்துல ரெண்டாவது போர்ல ஜப்பான்காரன்கிட்ட மாட்டி ரயில் பாத போட்டு செத்த போர்க்கைதிங்க சுமார் 7,000 பேருக்கு வரிசையா கல்லறை, அதே பாதைல செத்த மலாயா தோட்டத் தமிழ் ஆளுங்க பல்லாயிரம் பேரு கூலிக்கணக்கு, அவங்களுக்கு அந்த வரிசைல எடம் கிடையாது.

பஸ் எங்க நிக்கும்னு முடிவு பண்றது யாருன்னு கடைசி நாள் அந்த ரிட்டயர்டு மிலிட்டரிக்காரர்கிட்ட கேட்டேன். அவரு நல்ல மனுசன், ஒளிச்சுப் பேசல. புக்கிங் பண்ணும்போதே குடும்பத்துக்காரங்க எங்க தாத்தா இந்தக் கல்லறைல இருக்காருன்னு எழுதிக் குடுப்பாங்களாம், அத வச்சுத்தான் ரூட்டு போடுவாங்களாம், போட்டு போட்டு நல்லா ஓடுற ரூட்டு அப்படியே நெலச்சுப் போச்சாம். அப்பதான் எனக்கு உறைச்சுது. 1928ல லங்காஷயர்ல இருந்து ஒரு அம்மா தர்மக் காசுலயாவது வந்துட்டாங்க. கர்வால் மலைல, பஞ்சாப்ல ஜீலம் கரைல இருந்த இந்தியச் சிப்பாயோட அம்மா எப்படி வர்றது? அவங்க வரல, அவங்க பேரப்புள்ளைங்களும் பெருசா வரல, யாரும் எழுதிக் குடுக்கல, பஸ் நிக்கல. ஈப்ரல இருந்து சோம் போற கோச் நவ் ஷாப்பெல்லுக்கு கொஞ்ச தூரத்துலயேதான் கடந்து போகுது.

போறவங்க புக்கிங் பண்ணும்போதே எழுதிக் கேளுங்க, நாலஞ்சு பேரு கேட்டா நிறுத்துவாங்க, சுத்தி வர்ற நேரம் அதிகமில்ல. நான் டூர் முடிஞ்சு பிரான்ஸ்ல லீல்ங்கற ஊர்லயே எறங்கிக்கிட்டு மறுநாள் லா பசே வரைக்கும் ட்ரெயின், அங்கேருந்து டாக்ஸி. நவ் ஷாப்பெல் நினைவிடம் இருக்கறது லா பாம்ப்னு ஒரு நாலு ரோடு சந்திப்புல, லாரி போயிட்டே இருக்கும், எதிர்ல போர்ச்சுகல் சிப்பாய்ங்க கல்லறை. அங்க நான் இருந்த ஒண்ணர மணி நேரத்துல வேற யாரும் வரல, புல்லு வெட்டுற ஆளு ஒருத்தர் மட்டும் மெஷின நிறுத்திட்டு போஞ்ஜூர்னு சொன்னாரு. பேருங்க ரெஜிமெண்ட் வாரியா இருக்கு, கர்வால் ரைஃபிள்ஸ், கூர்க்கா, பலூச், டோக்ரா. ஒரே பேரு அடுத்தடுத்து வர்றதால ஊரு தெரியாம தேடுனா கண்டுபுடிக்க முடியாது, கமிஷன் வெப்சைட்ல சிப்பாய் நம்பரும் அப்பா பேரும் ஊரும் இருக்கு, அத எழுதிட்டு போங்க.